ஸ்டாப்பர் பேக் கட்டிய வள்ளங்கள்

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஆரோக்கியபுரத்தில் தொடங்கி நீரோடியில் முடிகிறது. சுமார் 72 கிலோமீட்டர். அதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருக்கின்றன. எந்த ஊருக்குள் போனாலும் முதலில் கண்ணில் படுவது கோயில் கோபுரம். எங்கள் பக்கம் மாதா கோயிலைக் கோயில் என்றுதான் சொல்வோம். அடுத்து மணலில் நட்ட கால்பந்து கோல் போஸ்ட். அதற்குப் பக்கத்தில் கரையேற்றி வைத்த வள்ளங்கள். கோயிலைக் கட்டியவர்கள் பெயர் கல்லில் வெட்டியிருக்கும். பந்தாடி மாநில அணிவரை போன பையனின் பெயர் ஊர் வாயில் இருக்கும். வள்ளத்திலும் பெயர் எழுதியிருக்கும். அது அந்தோணியார் பெயராகவோ ஆரோக்கியமாதா பெயராகவோ, உரிமையாளரின் மகள் பெயராகவோ இருக்கும். கட்டினவர் பெயரை நான் எந்த வள்ளத்திலும் பார்த்ததில்லை.

என் தாய்மாமா வள்ளம் கட்டுகிறவர். முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவில் உள்ள ஒரு துறை எங்களுடையது. அறுபதைத் தாண்டிவிட்ட அவர் இன்றைக்கும் வேலை செய்கிறார், இன்றைக்கும் சாயங்காலமானால் மைதானத்துக்குப் போகிறார். அவருடைய வள்ளத்தைப் பற்றித் தனியாகவும் பந்தைப் பற்றித் தனியாகவும் எழுதலாம் என்று முன்பு நினைத்தேன். முடியவில்லை. இரண்டும் நடந்தது ஒரே மணலில்.

அந்த மணலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கடப்புறம் என்று சொல்வது வெறும் கரை இல்லை. துறைமுகம் இல்லாத ஊருக்கு அதுதான் துறைமுகம். விடியும்போது வள்ளங்கள் அலையைத் தாண்டி வந்து ஏறுவது அங்கே. மீன் ஏலம் போவது அங்கே. வெயில் ஏறியதும் வலை விரிப்பதும் பொத்துவதும் அங்கே. உடைந்த பலகையை மாற்றுவதும் புது வள்ளம் கட்டுவதும் தென்னை ஓலைக் கொட்டகை போட்டு அதே மணலின் மேற்புறத்தில். நாலு மணிக்கு மேல் பையன்கள் பந்தோடு இறங்கிவிடுவார்கள். அந்த நேரத்துக்குள் வள்ளங்களை எல்லாம் மேலே இழுத்து ஒதுக்கி வைத்திருக்க வேண்டும் என்பது ஊரில் எழுதாத சட்டம். மறந்துபோய் நடுவில் போட்டுவிட்டுப் போனால், விளையாட வந்த பதினான்கு பேரும் சேர்ந்து தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஆடுவார்கள். வள்ளத்துக்காரர் கோபிக்க மாட்டார்.

மணலில் பந்து உருளாது. தரையோடு தள்ளிவிட்டால் நாலடியில் நின்றுவிடும். அதனால் எங்கள் கரைப் பையன்களுக்குப் பந்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிற பழக்கம் சின்ன வயதிலேயே வந்துவிடும். ஒவ்வொரு அடியிலும் கால் புதையும், பிடுங்கி எடுக்க வேண்டும், தொடை இறுகிவிடும். அப்படிப் பத்து வருடம் ஆடினவன் புல்தரையில் கால் வைக்கும்போது உடம்பே லேசாகிவிட்டது போல ஓடுவான். தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறைப் பக்கம் போனால் இதைப் பயிற்சியாளர்களே சொல்வார்கள்.

மாமாவின் தலைமுறைக்குப் பந்து வானொலியில் வந்தது. 1956 வரை நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள், காது அப்புறமும் திருவனந்தபுரத்தை நோக்கியே திரும்பியிருந்தது. 1973 டிசம்பரில் மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராபியைக் கேரளம் முதல் முறையாக வென்றபோது, எர்ணாகுளத்தில் கேப்டன் மணி ரயில்வே அணிக்கு எதிராக அடித்த மூன்று கோல்களையும் மலையாள வர்ணனையில் கேட்ட சிறுவர்களில் மாமாவும் ஒருவர். எங்கள் அணி தமிழ்நாடு, மகிழ்ச்சி கேரளத்துக்கு. அதில் யாருக்கும் முரண்பாடு தெரியவில்லை.

அவர் ஆடியது ஸ்டாப்பர் பேக், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற இடம். உயரம் உண்டு, தலையால் நன்றாக அடிப்பார், அவசரப்படமாட்டார். பதினாறு பதினேழு வயதில் காலையில் தாத்தாவோடு கட்டுமரத்தில் போவார், சாயங்காலம் ஆட்டம். இருபது வயது ஆவதற்கு முன்பே அணிக்கு ஏழு பேர் ஆடுகிற ஒரு திருவிழா செவன்ஸில் வலது முழங்கால் போய்விட்டது. எதிராளி ஃபார்வர்டு உள்ளே வெட்டினான், மாமா திரும்பினார். கால் மணலில் புதைந்து அப்படியே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே ஏதோ அறுந்த சத்தம் தனக்கே கேட்டது என்பார்.

அந்தக் காலத்தில் ஸ்கேன் எல்லாம் யாருக்குத் தெரியும்? வர்ம ஆசானிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆசான் தடவிப் பார்த்து எண்ணெய் போட்டு, பட்டை வைத்துக் கட்டினார். ஒரு மண்டலம் படுக்கை. வீக்கம் வற்றியது, நடை வந்தது, ஓடவும் முடிந்தது. ஆனால் சட்டென்று திரும்பினால் முட்டு கழன்றுவிடும். இன்றைக்குப் பள்ளிக்கூடப் பையனுக்கே ஏ.சி.எல். என்கிற முட்டு நார் அறுவது என்றால் தெரியும். அன்றைக்கு அதற்குப் பெயர் "முட்டு நிக்காது" என்பது மட்டும்தான்.

முட்டு நிற்காதவனுக்குக் கட்டுமரம் கிடையாது. கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது புரியாது. நாலைந்து மரத்தைக் கயிற்றால் வரிந்து கட்டியதுதான் கட்டுமரம். அதற்குப் பக்கச் சுவர் இல்லை, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இடுக்கு வழியாகக் கடல் ஏறும், இறங்கும். முழங்காலிட்டுத் துடுப்புப் போட வேண்டும், அலை எழும்பும்போது நிமிர வேண்டும், வலை இழுக்கும்போது ஒரு காலில் உடம்பைத் தாங்க வேண்டும். மரத்தின் ஆட்டத்தை வாங்கி அமர்த்துவது முழங்கால்தான். கால் ஓரளவு தேறியதும் மாமா மறுபடி கடலுக்குப் போய்ப் பார்த்தார். மூன்றாவது அலையில் முட்டு கழன்று, மரத்துக்கும் அலைக்கும் நடுவில் விழுந்தார். தாத்தா அவரை இழுத்துப் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்து, "மக்களே, நீ கரையில நில்லு" என்றார். அவ்வளவுதான். அதோடு கடல் முடிந்தது.

எங்கள் ஊரில் கரையில் நிற்கிற ஆம்பிளைக்கு இடம் குறைவு. மீன் வியாபாரம் பெண்கள் கையில். வலை பொத்துவது வயசானவர்கள் வேலை. இருபது வயதுப் பையன் கரையில் நின்றால் பார்வை வேறு மாதிரி இருக்கும். அந்தச் சில மாதங்களைப் பற்றி மாமா அதிகம் பேசுவதில்லை. அம்மாதான் சொல்வாள், அண்ணன் அப்போது சாப்பிடவே வெட்கப்பட்டான் என்று.

பிளைவுட் வந்தது அந்தச் சமயத்தில்.

1980களின் தொடக்கம். கட்டுமரத்துக்கு வேண்டிய பருத்த மென்மரங்கள் கிடைப்பது குறைந்துகொண்டே வந்தது, விலை ஏறிக்கொண்டே போனது. அவுட்போர்டு எஞ்சின் வேறு கரைக்கு வந்துவிட்டது. அதைக் கட்டுமரத்தில் மாட்டி ஓட்டுவது பெரும்பாடு. பியர் கில்லெட் என்ற பெல்ஜியக்காரர் முட்டத்தில் இருந்துகொண்டு, எங்கள் அலையில் போய்வரக்கூடிய பிளைவுட் படகுகளை மீனவர்களோடு சேர்ந்து செய்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சிஃப்ஸ் என்று எல்லோரும் சொல்கிற தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, படகுத்தளங்கள் வைத்து அதைப் பரப்பியது. வள்ளம் செய்வது அதுவரை ஆசாரிமார் வேலை. மாவிலும் ஆயினியிலும் குடைந்தும் பலகை சேர்த்தும் செய்வார்கள். அது பரம்பரைத் தொழில், வெளியாள் நுழைய முடியாது. பிளைவுட் புதுசு. யாருக்கும் பரம்பரை இல்லை. கடல்காரன் மகனும் கற்றுக்கொள்ளலாம். மாமா உப்புத்தாள் தேய்க்கிற ஆளாகப் போய்ச் சேர்ந்தார்.

அந்த வேலையை மாமா கொட்டகையில் நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். இப்போதும் அதில் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. கடல் நீருக்குத் தாங்கும் பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை போட்டது, எட்டுக்கு நாலடிப் பலகையாக வரும். வள்ளம் எட்டடியில் முடியாதே. இரண்டு பலகைகளின் ஓரத்தையும் சாய்வாக இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்ட வேண்டும். பலகை எவ்வளவு தடிப்போ அதுபோல எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வு. ஒட்டிய இடம் விரல் வைத்துப் பார்த்தால் தெரியக்கூடாது. பிறகு அச்சு வைத்து வரைந்து, அடிப்பலகையும் பக்கப்பலகையும் வெட்டுவார்கள். ஓரம் நெடுகத் துளை. துளைகளில் தாமிரக் கம்பி கோத்து முறுக்கிக்கொண்டே போவார்கள்.

அப்போதுதான் அது நடக்கும். தரையில் தட்டையாகக் கிடந்த பலகைகள் கம்பி இறுக இறுக வளைந்து, அணியம் என்கிற முன்பக்கம் மேலே எழும்பும், அமரம் என்கிற பின்பக்கம் ஒடுங்கும், வயிறு திரளும். ஒரு மதியத்துக்குள் வள்ளம் உருவத்துக்கு வந்துவிடும். தைத்த இடத்தில் எபாக்ஸிப் பிசினும் கண்ணாடி இழை நாடாவும் வைத்து அடைத்து, காய்ந்ததும் கம்பியை வெட்டித் தேய்த்துவிடுவார்கள். வள்ளத்தைத் தைப்பது எங்கள் கரைக்குப் புதிது இல்லை. கரையிலிருந்து இழுக்கிற கரைமடி வலைக்கான வள்ளங்களைத் தேங்காய் நாரால் தைத்துத்தான் கட்டினார்கள். கம்பி வந்தது, நார் போனது. இதைக் கிழவர்களுக்கு எடுத்துச் சொல்லித்தான் மாமா முதல் ஆர்டர்களை வாங்கினார்.

கிழவர்கள் லேசில் நம்பவில்லை. காகிதத்தில் கடலுக்குப் போகச் சொல்கிறாயா என்று கேட்டார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. கட்டுமரம் கவிழும், ஆனால் முழுகாது. வயிறு இருக்கிற எந்த வள்ளமும் நீர் புகுந்தால் கனத்துவிடும். எங்கள் கரை அலையோ இடைவிடாமல் உடைகிற அலை. அதனால்தான் இந்தப் படகுகளுக்கு மேல்தளம் அடைத்து, உள்ளே காற்று நிற்கும்படி செய்தார்கள். ஏறின தண்ணீர் தளத்தின் மேலேயே வழிந்து போய்விடும். மாமாவுக்கு அந்தக் காற்றறைகள் உயிர். எங்கே குறைத்தாலும் குறைப்பார், அதில் கை வைக்கமாட்டார்.

அவர் கட்டிய வள்ளத்தில் அவர் கடலுக்குப் போனது கிடையாது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அவருடைய திறமை முழுவதும் இதிலிருந்து பிறந்தது. புது வள்ளம் இறக்குகிற நாளில் பங்குச் சாமியார் வந்து மந்திரித்ததும் எல்லோரும் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். மாமா ஓடமாட்டார். கொஞ்சம் மேடான இடமாகப் பார்த்து நின்றுகொள்வார். வள்ளம் முதல் அலையை எப்படி எடுக்கிறது, அணியம் ஏறி விழும்போது எந்தப் பக்கம் சாய்கிறது, திரும்பி வரும்போது பின்னால் வருகிற அலை அமரத்தைத் தூக்கி வள்ளத்தைக் குறுக்கே திருப்பப் பார்க்கிறதா, எஞ்சின் விசிறி தண்ணீருக்கு மேலே வந்து சீறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். வந்தவர்களிடம் கேட்பார், ஆனால் அவர்கள் பதிலைவிடத் தன் கண்ணைத்தான் நம்புவார். வள்ளத்துக்குள் இருப்பவனுக்கு வள்ளம் தெரியாது, அலைதான் தெரியும் என்பது அவர் கட்சி. அடுத்த வள்ளத்தில் அணியம் இரண்டு விரல் உயரும், அல்லது எஞ்சின் பலகை ஒரு விரல் இறங்கும்.

ஸ்டாப்பர் பேக்குக்கு மைதானம் முழுவதும் கண் முன்னால் கிடக்கும். ஃபார்வர்டுக்கு அது கிடையாது, அவன் கோலுக்குள் போய்விடுவான். பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்து, எங்கே உடையும் என்று முன்கூட்டியே யோசிக்கிற பழக்கத்தை மாமா பதினைந்து வயதில் மணலில் பழகினார். முழங்கால் போன பிறகும் கண் போகவில்லை. அவரோடு தொழில் கற்றவர்களில் கைவேலை அவரைவிடச் சுத்தமாகச் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் அவர் வள்ளத்தைத்தான் தேடி வந்தார்கள். நான் அதற்குக் காரணம் வேறு எதையும் கண்டுபிடிக்கவில்லை.

அவரிடம் ஒரு வள்ளம் எப்போது இறக்கினது என்று கேட்டால் ஆண்டு சொல்லமாட்டார். "மில்லா ஆடின வருஷம்" என்பார். 1990 உலகக் கோப்பை. "பாஜியோ மேலே அடிச்ச வருஷம்." 1994. "ஜிடான் தலையால ரெண்டு போட்டதுக்கு மறுவருஷம்." இது விளையாட்டுக்குச் சொல்வது இல்லை. எங்கள் கடலின் கணக்கும் உலகக் கோப்பையின் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தும். ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவம் கொந்தளிக்கும், சின்ன வள்ளங்கள் நாள்கணக்கில் கரையில் கிடக்கும். ஊரே கரையில் இருக்கும். 2022 கத்தாரை விட்டுவிட்டால், ஜூனிலும் ஜூலையிலும்தான் உலகக் கோப்பை. எந்த மகராசன் அப்படித் தேதி குறித்தானோ தெரியாது, மீனவனுக்காகவே குறித்தது போல இருக்கும்.

1986-ல் பங்குக் கோயிலுக்குச் சொந்தமான ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை வெளியில் மேசை போட்டு வைத்தார்கள். மெக்சிகோவில் நண்பகல் ஆட்டம் நமக்கு இரவு பதினொன்றரை, நாலு மணி ஆட்டம் விடியற்காலை மூன்றரை. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது தூக்கம் கெடுகிற நேரம். எங்கள் ஆட்களுக்கு அது வழக்கமாகக் கடலுக்கு எழும்புகிற நேரம்தான். மரடோனா இங்கிலாந்துக்கு எதிராக அந்த இரண்டாவது கோலை அடித்த இரவில் கைக்குழந்தையோடு வந்து நின்ற பெண்களும் உண்டு என்று அம்மா சொல்வாள். அன்றிலிருந்து எங்கள் துறையில் பாதி அர்ஜென்டினா. மாமா முழுவதும்.

ஆனால் உலகக் கோப்பைக் காலம் மாமாவுக்கு வேலை முட்டுகிற காலமும்கூட. வள்ளங்கள் கரையில் கிடக்கும்போதுதான் பழுது பார்க்க முடியும். கச்சான் காற்று தணிந்து கடல் திறப்பதற்குள் எல்லாவற்றையும் முடித்துக் கொடுக்க வேண்டும். 2002-ல் ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்ததால் ஆட்டங்கள் நமக்குப் பட்டப்பகலில் வந்தன. ஜூன் 21, பிரேசில்–இங்கிலாந்து கால் இறுதி, மதியம் பன்னிரண்டுக்கு. அர்ஜென்டினா முதல் சுற்றிலேயே வெளியேறியிருந்தது, மாமா அந்த வருத்தத்தில் இருந்தார். இருந்தாலும் ரொனால்டினோவைப் பார்க்க வேண்டும். இடைவேளைக்கு வந்து பார்த்தால், அடைத்துக்கொண்டிருந்த பெரிய வள்ளத்தில் ஒரு பக்கம் பாக்கி, மேகம் இருட்டிக்கொண்டு வருகிறது. பிசினைக் கலந்துவிட்டார். கலந்தால் அப்புறம் அது அரை மணி நேரம்கூடத் தராது, கிண்ணத்திலேயே சூடாகி இறுகிவிடும். இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. என்னைக் கொட்டகை வாசலில் நிறுத்தினார். பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகத் திரை தெரியும். நான் பார்த்துப் பார்த்துச் சொல்ல, அவர் நாடாவை ஒட்டிக்கொண்டே போனார்.

ரொனால்டினோவின் அந்த ஃப்ரீ கிக் சீமன் தலைக்கு மேலே போய் விழுந்தபோது ஊரே கத்தியது. எனக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "மாமா, தூரத்திலேருந்து, மேலே..." என்று கையைக் காட்டினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உருளையால் காற்றுக் குமிழை அழுத்தி வெளியேற்றிக்கொண்டே, "கோலி எங்க நின்னான்? அத சொல்லு" என்று கேட்டார். கொஞ்சம் முன்னால் நின்றான் என்றேன். "பின்ன?" என்றார். அந்த வள்ளத்தில் போனவர்கள் அதை ரொம்ப வருஷம் வைத்திருந்தார்கள். தையல் விடவே இல்லை.

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி எல்லாம் எவ்வளவு இழந்தன என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அது இந்தக் கட்டுரைக்குள் அடங்கவும் அடங்காது. எங்கள் துறையில் கொட்டகை போனது, அச்சுகள் போயின, கோல் போஸ்ட்கள் போயின, வள்ளங்கள் தென்னைகளுக்கு நடுவில் பிளந்து கிடந்தன.

அதற்கப்புறம் வந்தது ஃபைபர் வெள்ளம். உதவிப் பணம் நாலு திசையிலிருந்தும் வந்தது. எல்லோருக்கும் சீக்கிரம் வள்ளம் கொடுத்தாக வேண்டும், போட்டோ எடுத்தாக வேண்டும். ஃபைபர் வள்ளம் அச்சில் வார்ப்பது. அச்சு ஒன்று இருந்தால் வாரக்கணக்கு இல்லை, நாள்கணக்கு. அதனால் முந்தாநாள் வரை வேறு தொழில் செய்தவர்களெல்லாம் படகுத்தளம் திறந்தார்கள். ஃபைபரை நான் குறை சொல்லவில்லை, ஒழுங்காகச் செய்தால் நல்ல பொருள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட், அதன் மேல் இழையை நெய்த ரோவிங் துணி, மறுபடி மேட் என்று எத்தனை அடுக்கு வைக்க வேண்டுமோ அத்தனை வைக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கிலும் காற்றை உருட்டி எடுக்க வேண்டும். கெட்டிப்படுத்தும் திரவத்தை வெயிலுக்குத் தக்கபடி அளந்து விட வேண்டும். ஒரு அடுக்கைக் குறைத்தால் வெளியே யாருக்கும் தெரியாது. மேலே பளபளவென்று ஜெல்கோட் மூடியிருக்கும். அலையில் அடிபட்டு இரண்டாம் வருஷம் அது தெரியும். தரமில்லாத வள்ளங்கள் அப்போது நிறையக் கரைக்கு வந்தன என்பது ரகசியம் இல்லை.

மாமாவிடம் ஒரு தரப்பு மொத்தமாக ஆர்டர் கொண்டுவந்தது. அவர்கள் சொன்ன தேதிக்குள் அவர் சொன்ன தடிப்பில் முடியாது. தடிப்பைக் குறைக்கலாம் என்றார்கள். அவர் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டில் பெரிய சண்டை. அத்தை ஒரு வாரம் பேசவில்லை, அந்தப் பணம் எங்கள் எல்லோருக்கும் அப்போது வேண்டியிருந்தது. எனக்கு இன்றைக்கும் அவர் செய்தது சரி என்றே படுகிறது. பிறகு நிதானமாக ஃபைபரையும் கற்றுக்கொண்டார். அந்தத் தூசி உடம்பில் பட்டால் இரவெல்லாம் அரிக்கும், பிசின் நாற்றம் தலையைப் பிளக்கும். ஐம்பதை நெருங்கும்போது ஒரு தொழிலை அடியிலிருந்து கற்றுக்கொள்வது சின்ன விஷயம் இல்லை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது அவர் வள்ளங்களில் ஒன்று கவிழ்ந்தது. கவிழ்ந்த வள்ளம் முழுகவில்லை. போனவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கிடந்து உயிரோடு வந்தார்கள். தூத்தூர்ப் பக்கத்துக் கரைகளில் அந்த நாட்களில் கேட்ட அழுகைக்கு நடுவில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை, பேசவும் கூடாது. மாமா மட்டும் அந்த வள்ளத்தின் காற்றறையைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தார். ஈரம் இல்லை.

இப்படிப்பட்டவரை அரசு எந்தக் கணக்கிலும் மீனவராக எடுத்துக்கொண்டதில்லை. நிவாரணமானாலும் தடைக்காலப் பணமானாலும் கடலுக்குப் போகிறவரைக் கண்முன் வைத்தே எழுதியிருக்கிறார்கள். மனுக் கொடுக்கப் போனால், நீங்கள் கடல் தொழிலாளி இல்லையே என்ற பதில். அவர் கட்டிய வள்ளம் இல்லாமல் அந்தக் கடல் தொழிலாளி எதில் போனார்? எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. வள்ளம் கட்டுகிறவன், வலை முடைகிறவன், எஞ்சின் பழுது பார்க்கிறவன், மீன் விற்கிற பெண் எல்லோரும் சேர்ந்ததுதான் மீன்பிடித் தொழில். நலத்திட்டங்கள் அந்த முழு உருவத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மாமா அதைப் பற்றிக் கவலைப்பட்டுப் பார்த்ததில்லை. அவர் கவலை எல்லாம் வேறு. இரவிபுத்தன்துறைப் பந்தாட்டக்காரர் மைக்கேல் சூசைராஜ் மேலே வரத் தொடங்கியதிலிருந்து அவர் ஆட்டம் எதையும் மாமா தவறவிட்டதில்லை. சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், அப்புறம் கொல்கத்தாவின் ஏ.டி.கே. எங்கள் கடற்கரை மணலில் ஆடின கால் 2019-ல் இந்திய அணியின் சட்டையோடு இறங்கியது. 2020 மார்ச்சில் ஏ.டி.கே. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்றபோது தோற்றது சென்னையின் அணி, ஆனால் எங்கள் பக்கம் வெடி வெடித்தார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 20. கொரோனா காலம், கோவாவில் ஆளில்லாத மைதானம், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராகத் தொடரின் முதல் ஆட்டம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, சூசைராஜ் விழுந்தார். மாமா எழுந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போனார். "முட்டு" என்றார். வர்ணனையாளர்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் செய்தி வந்தது, ஏ.சி.எல்., அந்தத் தொடர் முழுவதும் ஆட முடியாது என்று. மாமா அன்றைக்குத் தன் வலது முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இவனுக்கு ஆபரேசன் பண்ணுவாங்க. நல்ல டாக்டர் பாப்பாங்க. திரும்ப ஆடுவான்" என்றார். அதை மூன்று தடவை சொன்னார். ஐந்து நாள் கழித்து மரடோனா செத்துப்போனார். அந்த வாரம் கொட்டகையில் வேலை நடக்கவில்லை.

பந்துதான் உங்களைக் கடலிலிருந்து எடுத்துவிட்டது, அதன் மேல் கோபம் வந்ததே இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் திரும்பாம இருந்திருந்தா அவன் கோல் போட்டிருப்பான்" என்றார்.

இப்போது அவருக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் பழுதுதான். முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் என்று துறைமுகங்கள் வந்துவிட்டன. துறைமுகத்துக்குள் கட்டிப்போடுகிற வள்ளத்துக்கு உடைகிற அலையைக் கிழிக்கிற அணியம் தேவையில்லை. வயிறு அகன்று, நிறைய மீன் ஏற்றுகிற மாதிரி கேட்கிறார்கள். நாற்பது வருடமாக அந்த அலைக்கென்றே அவர் செதுக்கிவந்த உருவத்தைக் கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கரையும் குறைந்துவிட்டது. ஒரு பக்கம் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால் மணல் அங்கே சேரும், அடுத்த பக்கம் கடல் அரித்துக்கொண்டு வரும். எங்கள் துறைக்கு வாய்த்தது அரிக்கிற பக்கம். வள்ளம் ஏற்றி வைத்த இடம் போனது, கொட்டகை ரோட்டுக்கு இந்தப் பக்கம் நகர்ந்தது, பாறாங்கல் கொட்டிச் சுவர் போட்டார்கள். மைதானத்தில் மிச்சம் இருப்பது பாதி.

தூண்டில் வளைவு வேண்டாம் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள், வீடு போனவர்களைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் மணல் போவதை வெறும் நிலம் போவதாகக் கணக்குப் போடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு பையன் காலையில் மரம் தள்ளி, மதியம் பலகை தேய்த்து, சாயங்காலம் பந்தாடி, மூன்றையும் ஒரே இடத்தில் கற்றுக்கொண்ட இடம் அது. இப்போது மாமாவிடம் தொழில் பழகுகிற பையன்கள் இரண்டு பேர். இருவருமே ஊர் அணியில் ஆடுகிறவர்கள், ஆட்டமில்லாத மாதங்களில் மட்டும் வருகிறார்கள். அவர்களைச் சம்பளத்தோடு டோர்னமென்டுக்கு அனுப்பிவைக்கிற முதலாளி இந்தக் கரையில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இந்தத் திருவிழாவுக்கு இளைஞர்கள் கூட்டம் போட்டு, இடம் போதாததால் செவன்ஸை விட்டுவிட்டு ஐந்து பேர் ஆட்டமாக மாற்றலாம் என்று முடிவெடுத்தார்கள். மாமா அந்தக் கூட்டத்துக்கு அளவு நாடாவோடு போனார். கல் சுவரிலிருந்து கொட்டகை வரை அளந்து காட்டினார். தன் கொட்டகையின் முன்பக்கத்தைப் பிரித்து, பழுதுக்கு வந்த வள்ளங்களைக் கோயில் பின்புறத்துக்கு மாற்றினால் பதினைந்து அடி கூடுதலாகக் கிடைக்கும், அதற்குச் சாமியாரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். எதற்கு மாமா இவ்வளவு சிரமம், ஐந்து பேர் ஆட்டமும் ஆட்டம்தானே என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். ஐந்து பேர் ஆட்டத்தில் ஸ்டாப்பர் பேக் எங்கே நிற்பான் என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். கொட்டகையைப் பிரிக்க வருகிற சனிக்கிழமை போகிறோம்.